வெள்ளைச் சுவரில் ஒரு கை

வியாழன் இரவு, மார்கழி, 1952

தூக்கம் வரவில்லை. எங்கள் டீக்கடைச் சுவர் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

துறைமுகத்தில் கரி இறக்குகிறவர்கள் அந்தச் சுவரில் கை ஊன்றித்தான் டீ குடிப்பார்கள். சுவர் முழுக்கக் கறுப்புக் கைகள். போன வாரம் சீட்டித்துணிக்கு டிசைன் வரைகிற இருவர் வந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைந்துகொள்ள இன்று வருவதாகச் சொன்னார்கள். எங்கள் சுவர் துணியாகிக் கப்பலேறிப் போவதாகவும், பெயர் தெரியாத ஊர்ப் பெண்கள் அதை உடுத்தி நடப்பதாகவும் தினமும் நினைத்துக்கொண்டேன்.

பள்ளி விட்டு வந்தால், சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. எதை வரையப்போகிறார்கள் என்று கேட்காமலே, பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று அப்பா சுண்ணாம்பு அடித்துவிட்டார். வந்தவர்கள் டீ மட்டும் குடித்தார்கள். "அந்தக் கைகளைத்தான் வரைய வந்தோம். அடுத்த மாதம் இந்தப் பக்கம் வந்தால் பார்க்கிறோம்" என்று போய்விட்டார்கள்.

சாயங்காலம் கரி இறக்கும் மாணிக்கம் மாமா வந்தார். சுவரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செவுத்துல கை வெச்சுக்கோ மாமு" என்றார் அப்பா.

"இன்னா நைனா, நேத்துகூட கை வெச்சா ஒடிப்பேன்னு சொல்லிகினு இருந்தே?"

"வெய்யின்னா வெய்யி. நல்லா அழுத்தி வெய்யி."

வெள்ளையில் ஒரே ஒரு கறுப்புக் கை. இப்போது கண்ணை மூடினால் அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. துணி காற்றில் ஆடுகிறது. நடுவில் ஒரு சின்னக் கை. அது என்னுடையதுதான்.