வெங்காயம் மஞ்சளானது உன் பிழையல்ல

என் பிரியத்துக்குரிய மச்சான் செல்லத்துரைக்கு,

நேற்றுக் காலை உன் தோட்டத்துக்குப் போனேன். கொக்குவிலிலிருந்து புத்தூர் வரைக்கும் இந்த வயதில் சைக்கிள் மிதிப்பதற்கு உன் அக்கா ஏசினாள். "அவன் இருக்கேக்கை ஒரு நாளெண்டாலும் இப்பிடி விழுந்தடிச்சு ஓடினியளே?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் சைக்கிளை எடுத்தேன்.

உன் தறைக்கு, அந்த வெங்காயத் துண்டு நிலத்துக்கு, தண்ணீர் விட்டு நான்கு நாள் முழுதாக ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணி மிசின்கள் எல்லாம் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. பழைய துலா ஏற்றங்களைத் தேடிப் பூட்டி, உங்கள் பங்குக் கிணற்றில் ஆளுக்கொரு நாள் முறை வைத்து இறைக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் முறை சுற்றி வருவதற்குள் செம்மண் காய்ந்து வெடித்துவிடும். மேற்குப் பாதியில் ஒரு பாத்திக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சுடு புழுதி. பிறகு கிழக்குப் பாதியில், நாம் கரி போட்ட பாதியில், விட்டேன். விரல் நுனி குளிர்ந்தது, செல்லத்துரை.

எனக்கு எதையும் ஒரே தரத்தில் நம்பத் தெரியாது என்று உனக்குத் தெரியும். ஒன்பது இடத்தில் விரலை விட்டேன். ஒன்பதிலும் குளிர்ந்தது. செத்துப்போன விறகு மண்ணுக்குள் போய் இருந்துகொண்டு, நாலு நாளாய்த் தண்ணீரைக் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறது. இதை யார் அதற்குச் சொல்லிக் கொடுத்தது?

நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன் ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்கு மட்டும் சொன்னால் போதாது. அதனால் இதை அச்சில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். இப்போது இங்கே வெள்ளைத்தாள் வராததால் பத்திரிகையெல்லாம் பள்ளிக் கொப்பித்தாளில் கோட்டுக்கு மேல்தான் அச்சாகிறது. பரவாயில்லை, இரசாயனம் படிப்பித்தவனுக்குக் கோடு போட்ட தாள் பழக்கம்தான்.

வாசிக்கிறவர்களுக்காக, நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

போரில் பாதை பூட்டி, வெடிமருந்தாகும் என்று தடைசெய்த யூரியா என்ற சொல்லே பயத்துக்குரியதாகிவிட்ட காலம் அது. தோட்டக்காரர் என்ன போட்டு வெங்காயம் வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நான் பழைய புத்தகங்களைப் புரட்டி, கரித்தூள் மண்ணுக்கு நல்லது என்று ஓரிடத்தில் கண்டு உன்னிடம் ஓடி வந்தேன். நீ சிரித்தாய். "அத்தான், பல்லுத் தீட்டுற கரியை வெங்காயத்துக்குப் போடச் சொல்லுறியள். வெங்காயம் என்ன, கலியாணத்துக்கே வெளிக்கிடுது?" என்றாய். ஆனால் அடுத்த கிழமையே கரி சுடக் கிடங்கு வெட்டிவிட்டாய்.

ஊமல் நம்மிடம் குவிந்து கிடந்தது. பனங்கிழங்கு பிடுங்கி, உள்ளே இருக்கும் பூரான் பருப்பையும் எடுத்துத் தின்ற பிறகு மிஞ்சும் அந்த வெறும் பனங்கொட்டைகளை அடுப்புக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் மதிப்பதில்லை. அதிகாலைப் பனிப்புகாரோடு புகையும் கலந்துபோகட்டும், குண்டு போட மேலே பறக்கிறவன் கண்ணில் படக்கூடாது என்று விடியப்புறமாக மூட்டினோம். நெருப்புப் பிடித்ததும் தகரத்தால் மூடி, விளிம்புக்கு மண் அணைத்தாய். மறுநாள் திறந்தபோது சாம்பல் இல்லை. ஊமல் ஊமலாகவே இருந்தது, கறுப்பாக. இரண்டைத் தட்டினால் ஓட்டுத் துண்டுகள் போலக் கிண்ணென்று சத்தம் வந்தது. நார்கூட ஒன்றும் அழியவில்லை. நீ ஒன்றைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகுதான் என் பிழை.

நீ கரியைக் கடகப்பெட்டியில் அள்ளி மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டு போகப் புறப்பட்டாய். வீட்டில் மிஞ்சுகிற எதுவும் கொட்டிலில் மிதிபட்டு, எருக்கும்பியில் கிடந்து, இலைகுழையோடு சேர்ந்துதான் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் வழமை. நான் தடுத்தேன். சாணியும் குழையும் கலந்தால், வெங்காயம் நன்றாக வந்தது எதனால் என்று எப்படித் தெரியும்? கரியின் குணத்தை மட்டும் தனியாக அறிய வேண்டும் என்றேன். ஆய்வுகூடத்தில் செய்வதுபோல அதை இடித்து, அரித்து, மூன்று தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துச் சுத்தமாகப் போடச் செய்தேன். கிழக்குப் பாதிக்குப் பசளையாகக் குழை புதைத்துத் தாழ்க்கவும் நான் விடவில்லை.

"உங்கடை கொப்பிக்காக நான் மண்ணைப் பட்டினி போடுறன் அத்தான்," என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். ஆனால் அதுதான் நடந்தது. மூன்றாம் கிழமை வெங்காயத் தாள் நுனி வெளிறியது. ஐந்தாம் கிழமை பாதித் தறையும் மஞ்சள். உன் பெண்சாதி பூமணிக்கு அந்தத் தறையைத் தவிர வேறு வழி இல்லை என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

அன்று கிணற்றடியில் வேலுப்பிள்ளை அண்ணையும் மற்றவர்களும் உன்னைச் சூழ்ந்து நின்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரரான வேலுப்பிள்ளை அண்ணைக்கு வாய் சும்மா இராது. "என்ன செல்லத்துரை, வெங்காயத்துக்குச் செங்கமாரியோ?" என்று காமாலையைச் சொல்லிப் பகிடியாக அவர் கேட்டார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான் பிந்தி நட்டுப்போட்டன் அண்ணை. கொஞ்சம் சோம்பிப் பஞ்சிப்பட்டுப் போனன்," என்றாய்.

நான் மூன்று முழத் தூரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. வாத்தியார் பிழை விட்டார் என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். பிறகு சொல்லலாம், அடுத்த போகம் சரியாக வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனி மாதம் உனக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிலிலேயே எல்லாம் முடிந்தது. பிந்தி நட்டவன், பஞ்சி பிடித்தவன் என்ற பெயரோடு நீ போனாய்.

ஆடியில் வேலுப்பிள்ளை அண்ணை பூமணியிடம் வந்து தறையைத் தன்னிடம் வாரத்துக்கு விடச் சொன்னார். கிழக்குப் பாதி செத்த மண், அதைத் தனியொரு பொம்பிளை வைத்து என்ன செய்வது என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையென்று நம்பித்தான் சொன்னார். பூமணி என்னைக் கேட்டாள்: "அண்ணை, அந்த மண் செத்துத்தான் போச்சுதோ? இல்லையெண்டால் ஒருத்தருக்கும் விடாமல் நானே செய்வன். நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ." எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே நேர்மையான விடை அதுதானோ என்னவோ.

விடை என் வீட்டுப் பின்கோடியிலேயே கிடந்தது. மிஞ்சிய ஒரு சாக்குக் கரியை உன் அக்கா ஆட்டுக்கொட்டிலில் கொட்டியிருந்தாள், நாற்றம் குறையட்டும் என்று. கூட்டியதை வேலியோரம் எறிந்திருக்கிறாள். புரட்டாதியில் பார்க்கிறேன், அந்த இடத்தில் தானாக முளைத்த கீரை என் இடுப்பளவுக்கு நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் கைகொள்ளாத அகலம். "ஏன் அதைப் பார்த்துக்கொண்டு பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று உன் அக்கா கேட்டாள்.

செல்லத்துரை, முப்பது வருஷம் நான் அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அமோனியா வாயு நிரப்பிய குழாயைப் பாதரசத்தின் மேல் கவிழ்த்து, ஒரு துண்டுக் கரியை உள்ளே விட்டால், கரி அந்த வாயுவை விழுங்கும். பாதரசம் மெல்ல மெல்ல மேலே ஏறும். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்ப்பார்கள். வெறுங்கரி பசியோடு இருக்கிறது, கிடைத்த பசளையை முதலில் தானே எடுத்துக்கொள்ளும் என்பதை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். அதே பசித்த கரியை உன் வெங்காயத்தின் வேருக்குப் பக்கத்தில் வைத்ததும் நான்தான். ஆட்டுக்கொட்டிலில் கிடந்த கரி மூத்திரம் குடித்து வயிறு நிரம்பியிருந்தது. அதனால் அது கொடுக்கும் கரியாகிவிட்டது. நீ கடகத்தோடு போகப் புறப்பட்ட பாதைதான் சரியான பாதை.

பூமணியிடம் ஓடினேன். மண் சாகவில்லை, பசியோடு கிடக்கிறது என்றேன். மழைக்கு முன், எருவுக்காகத் தறை முழுவதும் ஆட்டுப்பட்டி அடைத்தாள். இரண்டு பாதிக்கும் ஒரேயளவு நாள், ஒரேயளவு குழை என்று நான் சொன்னபோது, "ஆட்டையும் உங்கடை அடிமட்டத்தாலை அளந்து கட்டட்டோ அண்ணை?" என்று கேட்டாள். நீ போன பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது. பூவரசங்குழை தாழ்த்து, தைப்பொங்கல் முடிந்த கையோடு நட்டாள்.

கிழக்குப் பாதி எழுந்த விதத்தை எப்படிச் சொல்வது? தாள் கரும்பச்சை. மேற்குப் பாதி மூன்றாம் நாளே தலை சாயும். இது ஐந்தாம் நாள் முறை வரும்வரை நிமிர்ந்து நிற்கும். ஒரு நாள் ஒரு மண்கட்டியை உடைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கரித்துண்டின் துளைகளுக்குள் வேர்மயிர்கள் நுழைந்திருந்தன, வெள்ளை நூல் கோத்ததுபோல. ஒரு துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னஞ்சிறு பூச்சியொன்று குடியிருந்தது. நெருப்பில் வெந்த ஒன்று இத்தனை உயிருக்கு வீடாகுமா? நான் கோயிலுக்கு அதிகம் போகாதவன். அன்று அந்த வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

ஆனால் பச்சை கூடினால் கதையும் கூடும். போன முறை இறைப்பின்போது கிணற்றடியில் வேலுப்பிள்ளை அண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பூமணி, உண்மையைச் சொல்லு. செல்லத்துரை எங்கையோ மண்ணுக்குள்ளை யூரியா தாட்டு வைச்சிட்டுப் போயிருக்கிறான். உந்தப் பச்சை சும்மா வராது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இந்தக் காலத்தில் அந்தக் கதை ஒரு வேலி தாண்டினால் போதும், வீட்டுக்கு விசாரிக்க ஆட்கள் வருவார்கள். பூமணியின் முகம் வெளிறியது.

"யூரியா இல்லை அண்ணை, அது கரி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"வாத்தியார், அதே கரியைத்தானே அவனும் போட்டவன்? அப்ப ஏன் வெங்காயம் மஞ்சளாய்ப் பழுத்தது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒளித்துத் திரிந்தேன். குடையை மடக்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கழுவச் சொன்னதை, குழை தாழ்க்க விடாததை, நீ பிந்தி நடவில்லை என்பதை, நீ பொய் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றதை. துலா ஏறி நின்றவர்கூட மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப முப்பது வருசம் படிப்பிச்சும் வாத்தியார் சோதினையிலை பெயில்," என்றார் வேலுப்பிள்ளை அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். நான் இவ்வளவு காலம் பயந்த சிரிப்பு அது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் குரலைத் தணித்து, "எனக்கும் ஒரு கிடங்கு காட்டித் தாங்கோ. நான் கழுவ மாட்டன்," என்றார்.

பூமணி மட்டும் சிரிக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று நான் ஒன்பதாம் தரம் விரலை விட்டு எழுந்தபோது வரப்பில் நின்றாள். "நாலு நாளாய் யோசிச்சனான் அண்ணை," என்றாள். "பிந்தி நட்டதெண்டு நான் அவரை எத்தினை நாள் குத்திக் கதைச்சனான் தெரியுமே? ஒரு நாள் சோறும் போடேல்லை. அவர் சிரிச்சுப்போட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்தவர். எனக்கும் சொல்லேல்லையே. இனி நான் ஆரிட்டைப் போய்க் கதைக்கிறது?"

உன் மனைவியிடமிருந்துகூட என்னை ஒளித்து வைத்தாய். அப்படி என்ன பெரிய மனிதன் நான்? கரி தண்ணீரைப் பொத்தி வைத்திருப்பதை என்னால் ஓரளவு விளங்கப்படுத்த முடியும். நீ செய்ததை விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த இரசாயனம் போதாது.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, நேரே பார்த்துச் சொன்னாள்: "தறையை நான் ஒருத்தருக்கும் விடமாட்டன். கரி நல்லது. ஆனால் ஆக்களுக்குக் காட்டேக்கை நல்லா வந்ததை மட்டும் சொல்லிப்போட்டு வந்திடாதேங்கோ. அவர் பிழை விடேல்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

"ஓம்," என்றேன்.

நாளை விடியப்புறம் வேலுப்பிள்ளை அண்ணையின் வளவில் கிடங்கு மூட்டுகிறோம். மருதனார்மடம் சந்தையில் பூமணி முன்கூட்டிப் பிடுங்கி விற்ற பச்சை வெங்காயத்தைக் கண்டு இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் போவேன். ஒவ்வொரு கிடங்கடியிலும், நெருப்பு வைப்பதற்கு முன், கழுவிய கரியின் கதையை என் பெயர் சொல்லித் தொடங்குவேன். கேட்க ஒரே ஒரு ஆள் நின்றாலும் தொடங்குவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ சுமந்ததைக் காலம் பிந்தி வாங்கிக்கொள்ளும்,
உன் அக்காவைக் கட்டிய அத்தான்