தவறி விழுந்ததாக எழுதியவன்

அன்புள்ள ஹென்ரிகேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி. அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சனிக்கிழமை நம் ஊர்ச் சந்தைத் திடலில் உங்கள் இசைக்குழு வாசித்தபோது, மேடைக்கு இடப்புறம் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களில் நானும் ஒருவன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். நீ இவ்வளவு நன்றாக ட்ராம்போன் ஊதுவாய் என்று எனக்குத் தெரியாது. ஸ்கா என்கிற அந்தத் துள்ளல் தாளத்துக்குத் திடலே குதித்தது. உங்கள் பாடகன் திலோ ராப் பாடிய வேகத்தில் பாதிச் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை.

பாட்டை நிறுத்திவிட்டு அவன் பேசியது மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்தது. "ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல நான் குடிச்சிட்டுத் தவறி விழுந்தேன்னு இந்த ஊர் போலீஸ் எழுதி வெச்சிருக்கு. விழுந்தா கால் உடையும், சரி. முதுகுல பூட்ஸ் தடம் எப்படிங்க விழும்?"

பக்கத்தில் காவலுக்கு நின்ற ஊவே, "என்ன எக்கார்ட், உன் பொண்ணு ஊதுறதே உன்னப் பத்திதான் போல!" என்று சிரித்தான். கூட்டத்தில் ரோல்ஃபின் மகன் ரோனி, தன் சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். முரசு அதிர்ந்தபோதெல்லாம் சும்மா இருந்தவன், திலோ பேசத் தொடங்கியதும் அவளை இறக்கி அவள் காதைப் பொத்தினான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அன்று ரோனியும் வேறு இருவரும் திலோவை அடித்துப் போட்டுவிட்டுப் பங்கிலிருந்து ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ரோல்ஃப் என் சிநேகிதன். "சின்னப் பசங்கடா, வாழ்க்கையே வீணாப் போயிடும்" என்று கெஞ்சினான். திலோவின் வாழ்க்கையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவன் குடித்துவிட்டுத் தவறி விழுந்ததாக எழுதி வைத்தேன். சாப்பாட்டு மேசையில் நீ, "அப்பா, நீங்க பாத்தீங்கல்ல?" என்றாய். உப்பை எடு என்றேன். அடுத்த வாரமே நீ லைப்ஸிக் நகரத்துக்குப் போய்விட்டாய்.

திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய், பார்த்ததையும் மறைத்ததையும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண், "இது உங்க வேலைக்கே உலை வைக்கும். தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடுறீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். விசாரணை முடியும்வரை பணிக்கு வர வேண்டாமென்று நேற்று சொல்லிவிட்டார்கள். ரோல்ஃப் தெருவில் என்னைக் கண்டு காறித் துப்பினான். அம்மா உருளைக்கிழங்கு சூப்பை வைத்து, "ஒம்பது வருஷம் லேட்டு. சாப்பிடு" என்றாள்.

மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டியது திலோவிடம். அவன் கேட்டுக்கொள்ளச் சம்மதித்தால் போய்க் கேட்பேன்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல அவனைக் கூப்பிடுவார்கள். இந்த ஊருக்கு அவனைத் தனியாக வரவிடாதே. நீயும் வா. ட்ராம்போன் ஊதும் உன் நெஞ்சுக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, மகளே. அன்றைக்கு என் பக்கம் நீ திரும்ப வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்.

உன் அப்பா,
எக்கார்ட்