ஸ்டெல்லாவின் கைக்குழிக்குக் கிராஸ் பட்டி

நவம்பர் 8, சனி

மழை. காலையிலிருந்து விடவே இல்லை. கொடியில் நேற்றைய துணி, பிழிந்தால் இன்னும் தண்ணீர் வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பனி மட்டும்.

நேற்று எழுத முடியவில்லை. மலை இறங்கிச் சேலம் போய் வந்ததும் படுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் தங்கை ஸ்டெல்லாவுக்கு ரேடியேஷன் முடிந்ததும் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். இடது அக்குளில் தோல் வெந்து உரிந்திருக்கிறது. மார்பு ஆபரேஷன் தழும்புக்குப் பக்கத்திலேயே. பட்ட காலிலே படும் என்பது சரிதான். அடுத்த வாரம் முழுக்க நிறுத்தி வைத்து, 17ஆம் தேதி திங்கள் மறுபடி ஆரம்பம்.

"லூசான காட்டன் துணி போடுங்கம்மா. கைக்குழித் தையல் அங்க உரசக்கூடாது. ஆனா திங்கக்கிழமை கட்டாயம் வந்துரணும். பாதியில விட்டீங்கன்னா இத்தன நாள் குடுத்ததும் வீணாப் போயிரும்."

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனி நான் வரலக்கா. என்னை மாரமங்கலம் பஸ் ஏத்தி விட்டுரு. என்ற ஊட்டுல போய்க் கெடக்கறேன்."

எழுந்துபோய் உப்புமா கிண்டினேன்.

அவளிடம் இருப்பதில் எதைப் போட்டாலும் கைக்குழி கடிக்கிறது. கையை உடம்பில் படாமல் தூக்கியே வைத்திருக்கிறாள், ஈரக் கோழி மாதிரி. என் பழைய சுடிதார் டாப் மூன்று இருக்கிறது. எனக்கே லூசு. டாப்பின் கையை வெட்டிவிட்டு ஓரத்துக்கு மெல்லிய துணியில் பட்டி வைத்துத் தைத்தால்? அம்மாவின் பழைய தையல் மிஷின் மூலையில் சும்மாதான் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் கைக்குட்டைக்கு ஓரம் அடித்ததோடு சரி, எனக்கும் தையலுக்கும்.

வாங்க: வெள்ளை நூல், 9ஆம் நம்பர் ஊசி, மிஷின் எண்ணெய், பிரட், ஸ்டெல்லாவுக்குத் தேங்காய் எண்ணெய் (வாசனை இல்லாதது).


நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பூசை மணி வீடு வரை கேட்டது. ஆண்டவர் மன்னிப்பார்.

முதல் டாப். கையை வெட்டி எடுத்தேன். பழைய தலையணை உறையிலிருந்து நீளநீளமாகக் கிழித்து (கிழித்தால்தான் நேராக வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை) கைக்குழியைச் சுற்றித் தைத்தேன். வளைவு வந்ததும் பட்டி ஒரு பக்கம் போகிறது, துணி ஒரு பக்கம் போகிறது. அக்குளுக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாக, வற்றல் மிளகாய் போல.

மிஷின் பெல்ட் லூசு என்றேன். கட்டிலிலிருந்து ஸ்டெல்லா: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான். கோபம் வந்தது. அப்புறம், பேசினாளே என்று இருந்தது.


நவம்பர் 10, திங்கள்

லாட்ஜில் டியூட்டி. நான்தான் அங்கே விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வெயில் இல்லை, எதுவும் காயவில்லை. ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம், துண்டு நாறுகிறது என்று சண்டை. நாறத்தான் செய்தது. சிரித்துவைத்தேன்.

திரும்பும்போது பஜாரில் டெய்லர் பழனி கடை. டாப்பை நீட்டி, நீங்களே தைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஏனுங்கக்கா, கிறிஸ்துமஸ் துணி மலையாட்டக் குமிஞ்சு கெடக்குதுங்க. ஜனவரிக்கு மேல பார்க்கலாமுங்க." அடுத்த திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றேன். மிஷினை நிறுத்தாமலே சுருக்கத்தைப் பார்த்தார். "நேர் துணி வச்சிருக்கீங்க. வளையாதுங்க. கிராஸா வெட்டோணும்." அவ்வளவுதான். ஊசிக்கு நூல் கோக்கப் போய்விட்டார்.

வீட்டில் போனில் வீடியோ. ஒரு பெண், நகத்தில் பாலிஷ், "ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்!" மூலையை எதிர்ப்பக்கத்துக்கு முக்கோணமாக மடி. மடிப்பு விழுந்த சாய்ந்த கோட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டு வெட்டு. அப்படி வெட்டினால் துணி இழுத்த இழுப்புக்கு வரும். நிஜம்தான், இழுத்துப் பார்த்தேன், ரப்பர் மாதிரி வருகிறது. ஒரே துணி, வெட்டுகிற திசையில் இத்தனை வித்தியாசம். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கரண்ட் போய்விட்டது.


நவம்பர் 11, செவ்வாய்

தலையணை உறை முரட்டுத் துணி. அக்குளுக்கு ஆகாது. ஸ்டெல்லா வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருக்கிறார். அவருடைய பழைய வேட்டி ஒன்று அவள் பையில். துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் போல ஆனது. கேட்டேன்.

"அவரு வேட்டிய வெட்டவா?"

"ஓட்டை விழுந்ததுதானே."

"வெட்டிக்க. எல்லாந்தான் வெட்டியாச்சே."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே கொஞ்சம் அழுதேன். வெங்காயம்கூட இல்லை சாக்குச் சொல்ல.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை: நாலு முழ வேட்டி, வெட்டி முடித்தபோது கையளவு சுருட்டு. சாய்வாக வெட்டியதால் துண்டு துண்டாகத்தான் வரும், ஒட்டுப் போட வேண்டும். போட்டேன். இரண்டாவது டாப்பில் வைத்தேன். வளைவு அழகாக வந்துவிட்டது. ஆனால் ஒட்டு வந்து விழுந்த இடம்? சரியாக அக்குளுக்குக் கீழே. தடவிப் பார்த்தால் புளியங்கொட்டை மாதிரி ஒரு முண்டு.

பிரித்தேன். கண் எரிகிறது. ஊசிக் குத்து இரண்டு விரலில்.


நவம்பர் 13, வியாழன்

நேற்று எழுதவில்லை. நேற்றும் தைத்தேன்.

இன்று இரண்டாவது டாப்பை முடித்துவிட்டேன். ஒட்டு முதுகுப் பக்கம் போய்விட்டது. பட்டியைக் கொஞ்சமே கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தால் படிந்து உட்காரும், ரொம்ப இழுத்தால் சுருங்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வீடியோக்காரி சொல்லவில்லை, விரல்தான் கண்டுபிடித்தது. பிறகு உள்பக்கம் மடித்து, பிசிறையெல்லாம் அதற்குள் மறைத்து, கையால் எம்மிங். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. தேய்த்து ஹேங்கரில் மாட்டிவிட்டு நின்று பார்த்தேன். கடையில் வாங்கியது என்றால் நம்புவார்கள். லாட்ஜில் கூட வேலை செய்யும் சாந்திக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பருங்க" என்று வந்தது.

ஸ்டெல்லா போட்டுக்கொண்டாள். சோறு வடிப்பதற்குள் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டாள்.

"கடிக்குது."

"எங்க கடிக்குது? காட்டு."

"எங்கனு சொல்றது. எல்லாந்தான்."

வாய் சும்மா இருக்கவில்லை. "ராத்திரி பகலா கண்ணு போகத் தைச்சா எறியறே. உடம்பு உனக்கா எனக்கா?" என்றேன்.

"எனக்குத்தான். அதனாலதான் சொல்றேன், போதும்னு. தோட்டத்துல காப்பி பழுத்திருக்கும். ஊட்டுக்குப் போறேன். எது வந்தாலும் அங்க வரட்டும்."

"எது வரும் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

குரலை உயர்த்தவே இல்லை அவள். அதுதான் பயமாக இருக்கிறது. அழுதால் சமாதானம் சொல்லலாம். இவள் கணக்கை முடித்துவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான். அதை அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை.


நவம்பர் 14, வெள்ளி

லாட்ஜ் முழுக்க ஆள். முதுகு வலி. தையல் இல்லை. பேச்சும் இல்லை.

ராத்திரிக்கு வாங்கிய தோசை. ஆளுக்கு ஒன்றரை. மீதி நாய்க்கு.


நவம்பர் 15, சனி

வெயில்! ஒரு வாரத்துக்குப் பிறகு. எல்லாத் துணியையும் வெளியே போட்டேன்.

உள்ளே வந்தால் ஸ்டெல்லா அடுப்படியில். மேல் பலகையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கிறாள். இடது கையால். கை காதுக்கு மேலே போயிருக்கிறது. எறிந்தாளே, அந்த டாப்தான். உள்பக்கம் வெளியே தெரிய, பூவெல்லாம் மங்கலாக, பக்கத்துத் தையல் பிசிறு தொங்க.

"ஏ, திருப்பிப் போட்டிருக்கே!"

"தெரியும். வேற எதுவும் காயல. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இப்படிப் போட்டாக் கடிக்கலக்கா."

டப்பாவை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளைத் திருப்பி, கைக்குழியை விரலால் தடவினேன். வெளியே வந்திருந்த பக்கம்: மடிப்பு, எம்மிங் முடிச்சு, பக்கத்துத் தையல் வந்து சேரும் தடிமன், எல்லாம். உள்ளே விரலை விட்டால் வழவழ.

அந்த வழவழப்பை ஊருக்குக் காட்டிவிட்டு, முண்டும் முடிச்சும் வெந்த தோலுக்கு வைத்திருக்கிறேன். அதையும் ஒருமுறை அல்ல, பிரித்துப் பிரித்து. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அத்தனை அழகு? டெய்லரும் வீடியோக்காரியும் அப்படித்தான் தைப்பார்கள், அவர்களுக்கு அது சரி. எனக்கு எங்கே போச்சு புத்தி? நர்ஸ் தெளிவாகத்தான் சொன்னார். உரசக்கூடாது என்று. அழகாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரித்தால் தழும்பு இழுக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.


நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாதி பிரசங்கம் தூங்கிவிட்டேன் போல.

மூன்றாவது டாப். இம்முறை தலைகீழ். டாப்பை முதலிலேயே திருப்பிவிட்டேன். இனி மங்கல் பக்கம்தான் வெளியே. பட்டியை உடம்புப் பக்கம் வைத்து மிஷினில் ஓட்டி, வெளிப்பக்கமாக மடித்து எம்மிங். வெளியே தொங்கும் பக்கத்துத் தையல் பிசிறையும் வெள்ளைப் பட்டி வைத்து மூடினேன். மிச்சமிருந்த வேட்டிப் பட்டி சரியாகப் போதுமாக இருந்தது. உள்ளே கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒரே ஒரு மிஷின் தையல், அதுவும் அமுங்கி. வெளியே வரிக்குதிரை.

ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் போன் செய்தார், நாக்பூரில் நிற்கிறாராம். "உங்க வேட்டி என்ற மேல இருக்குதுங்க" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, வெட்கப்பட்டாள். எத்தனை நாள் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

ஆனால் சாயங்காலம் பையைக் கட்டுகிறாள். இரண்டு நைட்டி, சீப்பு, மாத்திரை, ஜெபமாலை. மாரமங்கலத்துக்கும் அந்தப் பைதான், சேலத்துக்கும் அந்தப் பைதான். கேட்கலாம். கேட்டு, "ஊட்டுக்கு" என்று சொல்லிவிட்டால்?

கேட்கவில்லை. ஆறு மணிக்கு அலாரம் வைத்தேன்.


நவம்பர் 17, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சு. பேனா பக்கத்துச் சீட்டு அம்மாவுடையது.

காலையில் பஸ் ஸ்டாண்டில் மாரமங்கலம் பஸ்ஸும் நின்றது, சேலம் பஸ்ஸும் நின்றது. குளிர். ஸ்டெல்லா வரிக்குதிரைச் சட்டையில், மேலே சால்வை. மாரமங்கலம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்று முழுக்க எனக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது இதுதான்: "ஸ்டெல்லா, உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல சாமி."

அவள் சேலம் பஸ்ஸில் ஏறினாள். கம்பியை இடது கையால் பிடித்து ஏறினாள்.

உள்ளே சால்வை நழுவியது. முன் சீட்டுப் பெண் திரும்பி, நல்ல மனசோடுதான், "ஏனுங்க, அவசரத்துல சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டீங்ளாட்ட இருக்குதுங்க" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. ஸ்டெல்லா: "இல்லீங்க. இது இப்படித்தானுங்க. எங்கக்கா தைச்சது." அந்தப் பெண் பட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நொம்ப மெத்துனு இருக்குதுங்க" என்று திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை. எந்த வளைவில் கண் மூடினேனோ. பஸ் கீழே இறங்கி, சேலம் வெயில் முகத்தில் அடித்து, கண்டக்டர் "எறங்குங்க, எறங்குங்க" என்று தட்டும்போதுதான் விழித்தேன். என் தலை அவள் தோளில். இடது தோளில். மலை இறங்கிய நேரம் முழுக்க.

பதறி எழுந்தேன். "ஏன்டி எழுப்பல? வலிக்கலயா?"

"கொஞ்சம் வலிச்சுது," என்றாள். "நீ தூங்கி எத்தன நாளாச்சுக்கா."

பேர் கூப்பிட்டுவிட்டார்கள். சால்வையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.