அக்தோஷின் சிவப்புத் துணி

அன்புள்ள அப்பா,

நம் நாய் அக்தோஷைச் சுட்டுக் கொன்றது மாவட்ட அதிகாரி கூட்டி வந்த வேட்டை விருந்தாளி. நாய்தான் இருட்டில் குறுக்கே ஓடியது என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை.

அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நலம்.

பட்டிக்கு ஓநாய் வருகிறது, அந்த விருந்தாளி வைத்திருந்த இரவு வேட்டைக் கருவியையே வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தீர்கள். இங்கே நோவோசிபிர்ஸ்கில் வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரன் கென்னாதி, "என்னய்யா ஆட்டுக்காரா, ஓநாய்க்குக் கண்ணடிக்கப் போறியா?" என்று சிரித்தான். பிறகு வெளியே கூட்டிப்போய், இருட்டில் நின்ற பக்கத்து வீட்டு நாயைப் பார்க்கச் சொன்னான். நீங்கள் கேட்ட, உடல் சூட்டைக் காட்டும் கருவியில் அது வெறும் வெள்ளை உருவம். இருட்டில் பார்க்கும் இன்னொரு கருவியில் கழுத்துப்பட்டையின் கொக்கிகூடத் தெரிந்தது.

"முதல்ல பார்த்தது தூரத்துல தேடத்தான். அதை மட்டும் நம்பிச் சுடுறவன் மடையன்" என்றான்.

ஓநாய் என்று யாரும் சுட்டுவிடக் கூடாதென்று அக்தோஷின் கழுத்தில் நீங்கள் கட்டிய சிவப்புத் துணி அந்த விருந்தாளியின் கண்ணுக்குத் தெரியவே இல்லை அப்பா. என்னவென்று தெரியாமலே சுட்டிருக்கிறான்.

அதனால் இரண்டாவதை அனுப்புகிறேன். அவ்வளவு தூரம் எட்டாது, ஆனால் நாய் நாயாகத் தெரியும்.

இதைக் கொண்டுவரும் லாரிக்காரர் தல்காட்டிடம் கம்பளிக் காலுறையும் உலர்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்புங்கள். அந்தத் துணி இருந்தால் அதையும். அறையில் பேச ஆளில்லை.

லாரி கிளம்புகிறது. மூன்றாவது கடிதத்திலும் கேட்கிறேன், அதிகாரிக்குப் பயந்து மழுப்பாதீர்கள். சுட்டவன் பெயரை எழுதுங்கள்.

மெலிஸ்