ஒரே ஒரு ரிங்

அதட்டி அதட்டியே என்னை வளர்த்த என் அன்பு அண்ணாவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. முதல் வருட ஜெபம் வரை பொறுத்திருந்து எழுதலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. என் மேல் ஒரு பழி விழுந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அதை நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லையாம். அதுதான் பழி.

எடுக்கவில்லைதான். நீ எடுக்கச் சொல்லவில்லையே. நமக்குள் இருந்த ஏற்பாடு இவர்களுக்கு எங்கே தெரியும்? தெருவுக்கே ஒரு போன், அதுவும் எதிர் வீட்டு பேங்க் சார் வீட்டில் என்றிருந்த காலத்தில் தொடங்கியது அது. தாம்பரம் ஸ்டேஷன் வாசல் பூத்திலிருந்து நீ ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாய். பேங்க் சாரின் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, உங்க அண்ணன் தாம்பரம் வந்தாச்சு என்பார். அம்மா உடனே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் தாமதமாகும். மூன்றாவது அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

பிறகு உன் இடுப்பில் முதல் மொபைல் ஏறியது. திருமுடிவாக்கம் கம்பெனியில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கியபோது முதலாளி கொடுத்தது. செங்கல் கனம், மேலே ஆன்டெனா. பெல்ட் ஒரு பக்கம் இறங்கி நிற்கும், நீயும் அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பாய். அதற்குள் நம் வீட்டுக்கும் லேண்ட்லைன் வந்திருந்தது. மொபைலிலிருந்து நீ போட்ட முதல் போனை, ஆசையில் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன். ஹலோ கூடச் சொல்லவில்லை நீ.

"இன்னாத்துக்கு எடுத்த? ஒரு ரிங்குன்னா வந்து சேர்ந்துட்டேன்னு தெரியாதா உனுக்கு?"

ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு எத்தனை போன் மாறியது! பாம்பு விளையாட்டு வைத்த பட்டன் போன், மூடித் திறக்கும் போன், கேமரா போன், தொட்டால் நகரும் போன். எனக்கும் ஒன்று வந்தது. வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம் போய், நாள் முழுக்கப் பேசினாலும் கணக்கில்லை என்ற காலம் வந்தது. நாம் மாறவில்லை. சிக்கனத்துக்காகத் தொடங்கியது எப்போது நம் வழக்கமாகிப்போனது என்று எனக்கே தெரியாது.

அண்ணி போன பிறகு வண்டலூர் வீட்டில் தனியாக இருந்தாய். சாயங்காலம் கம்பெனி வேன் உன்னை இறக்கிவிடும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு ரிங். அதற்குப் பிறகுதான் உனக்கு மற்றதெல்லாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் அடுப்படியில் அந்தச் சத்தம் கேட்டு நின்ற பிறகுதான் நான் காபிக்கே பால் வைப்பேன்.

அன்றும் ஒரு ரிங் வந்தது. நின்றது. பால் வைத்தேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து, நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய் என்றார்.

உன் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஷீபா என்னிடம் கேட்டாள். உன் ஒரே மகள், நான் தூக்கி வளர்த்த பெண், எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ரிங் வந்துச்சில்ல அத்தை? எடுத்திருந்தா அப்பா ஏதாவது சொல்லியிருப்பார்ல?"

அன்லிமிடெட் வந்து இவ்வளவு வருஷமாகியும் என்ன மிஸ்டு கால் என்று சித்தப்பா மகன் முணுமுணுத்தான். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை அண்ணா, எல்லோர் முன்னாலும் அவளோடு வாதாட மனம் வரவில்லை. அதோடு ஷீபா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். உன்னை இழந்த துக்கம் ஒரு பக்கம், அவளையும் இழந்துவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். அந்த மாதங்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதே.

போன மாதம் அவளே வந்தாள். வண்டலூர் வீட்டைக் காலி செய்கிறாளாம், உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தாளாம். வாசலிலேயே நின்றாள். உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். படிப்படியாக நிரூபிக்காமல் விடுவேனா?

அவள் வந்து பார்த்த அன்று காலை அப்பாவின் போன் எங்கே இருந்தது என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் மேல், சார்ஜரில் என்றாள். செருப்பு? ஸ்டாண்டில். டிபன் கேரியர்? கழுவிக் கவிழ்த்திருந்தது. சட்டை? ஹேங்கரில்.

"செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி உங்கப்பா எனக்கு ரிங் விடுவான். மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். உதவிக்குக் கூப்பிட்ட மனுஷன் போனை சார்ஜ்ல போட்டுட்டுப் போய் டிபன் கேரியர் கழுவுவானாடி?"

அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், ஆனால் தலை குனிந்து அழவில்லை.

இருந்தாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்த பிறகு ஒரு கணமாவது அந்த ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தாயா? எழுந்து போய் மூன்று ரிங் விட நினைத்தாயா? எந்தக் கணக்குப் போட்டாலும் இதற்கு மட்டும் விடை வரவில்லை.

அன்று கிளம்பும் முன் ஷீபா என் போனை வாங்கினாள். நானும் அவளும் இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே இருக்கும் ஆப் ஒன்று இருக்கிறதாம், போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். போன் எங்கே கிடக்கிறது என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? பட்டிக்காடு என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் நின்றிருந்தேன். போன் ஒரு முறை அடித்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷீபா. ஆபீஸிலிருந்து மேடவாக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

திருப்பிக் கூப்பிடக் கை துறுதுறுத்தது. கூப்பிடவில்லை. பால் வைத்தேன்.

இனி உன் மகளைப் பற்றிக் கவலைப்படாதே அண்ணா. ஊர் என்ன சொன்னாலும் அவளுடைய முதல் ரிங்கை எடுக்க மாட்டேன். மூன்றாவது அடித்தால், எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன். சத்தியம்.

நீ எடுக்காதே என்றதால் எடுக்காத
உன் தங்கை,
எஸ்தர்