பூட்டி வைத்த மூலக்கூறு

மார்ச் 12, வியாழன், காலை 10.40. இதுவரை பதினொரு குப்பி.

அப்பா, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மானம்தான் போயிற்று.

பள்ளி ஆய்வக உதவியாளராக நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்களே, அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என் ஆராய்ச்சி. அதன் மூலக்கூறில் நடுவே இரண்டு ஆக்சிஜன், இரு முனையிலும் தலா ஒரு ஹைட்ரஜன். பாதி திறந்த புத்தகம் போல முறுக்கி நிற்கும், நடு இணைப்பைச் சுற்றித் திரும்பவும் செய்யும். என் அளவீடு நான் கணினியில் போட்ட கணக்கோடு ஒத்துவரவில்லை. மாதிரி தயாரிக்கும் அக்காவிடம் எல்லார் முன்னாலும் கத்தினேன்: “குப்பி கழுவக்கூடத் தெரியாதா? எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“இருங்க தம்பி, வேற போட்டுத் தரேன்” என்றார். பதினொரு முறை தந்தார். கையுறையையும் மீறிப் பெராக்சைடு பட்டு அவர் விரல் நுனி வெளுத்துவிட்டது.

இன்று காலைதான் பார்த்தேன். கணக்கில் மூலக்கூறைத் தட்டையாகப் படுக்கவைத்து, திரும்பவிடாமல் பூட்டியவன் நானேதான்.

அப்பா, ‘குப்பி கழுவக்கூடத் தெரியாதா’ என்ற அதே கேள்வியை ஒருநாள் பள்ளியில் வேதியியல் வாத்தியார் உங்களிடம் கேட்டார். அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். அது தெரிந்தும் நான் அக்காவிடம் கேட்டேன்.

அவசரமாக முடிக்கிறேன். இனி செய்யப்போவது:

1. பதினொரு மணிக் கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது.
2. பூட்டை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுவது.
3. விரல் வெளுத்தால் நீங்கள் தடவும் களிம்பின் பெயரைக் கேட்பது. உடனே எழுதுங்கள், இங்கே இதையெல்லாம் கேட்க எனக்கு யாருமில்லை.
4. பன்னிரண்டாவது குப்பியை நானே கழுவுவது. எப்படி என்று அக்காதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது.