வெயிலில் நின்ற அம்மோனியா சிலிண்டர்

அனுப்புநர்:
திருமதி நவமணி இஞ்ஞாசிமுத்து,
ஐஸ் கம்பெனி வரிசை, வீடு எண் 7,
தஞ்சோங் டாவாய், கெடா.

பெறுநர்:
திரு. தர்மலிங்கம் அவர்கள்,
இயக்குநர், உலோகப் பொடி ஆய்வுக்கூடம்,
சுங்கை பட்டாணி.

பொருள்: ஆய்வக உதவியாளர் பேட்ரிசியா பொய்யான வாயு அழுத்தம் எழுதினாள் என்ற குற்றச்சாட்டை மறுபடி சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேட்ரிசியா என் மகள் வயிற்றுப் பேத்தி. தங்கள் கூடத்தில் இரும்புத் தூளை அம்மோனியா வாயுவில் சூடாக்கி நைட்ரைடு பொடி எடுக்கிறாள். சிலிண்டரின் அழுத்தம் அப்படியே உலைக் குழாய்க்குள் போகும். அழுத்தம் 130 பவுண்டு இருந்தபோது பொடியின் மணிகள் பெரிதாகவும், 200 இருந்தபோது கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாகவும் வந்தன என்று நோட்டில் எழுதியிருக்கிறாள்.

2. பிப்ரவரியில் புதிதாக வந்த மேற்பார்வையாளர் திரு. அழகேசன் ஆறு முறை செய்து பார்த்தாராம். அழுத்த மீட்டரின் முள் 130ஐத் தாண்டவில்லை. சிறு மணியும் வரவில்லை. ஒரே சிலிண்டர் இரண்டு அழுத்தம் காட்டாது, 200 என்பது கற்பனை என்று எழுதி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார். 19ஆம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் இனி எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது.

3. நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் இவ்வூர் ஐஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம், ஐஸ் உறையவைக்கும் அம்மோனியாவின் அழுத்த மீட்டரைப் பார்த்து மணிக்கு மணி எழுதியவள். சிலிண்டர் பாதியானாலும் முள் இறங்காது. வெயில் பட்டால் ஏறும், ஈரச் சாக்கைப் போர்த்தினால் இறங்கும். ஆகவே பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், சிலிண்டர் எங்கே நின்றது என்று. "மேற்கு வராந்தாலே பாட்டி. காலையிலே நெழலு, மத்தியானம் நல்ல வெயிலு. புது சார் வந்துதான் ஏர்கோன் ரூமுக்குள்ள தள்ளிட்டாரு" என்றாள். குளிரூட்டிய அறைக்குள் முள் எப்படி ஏறும்? நோட்டைப் புரட்டினோம். 130 எல்லாம் காலை, 200 எல்லாம் பிற்பகல். நேரத்தை எழுதியவள் இடத்தை எழுதவில்லை. அது அவள் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

4. இதைச் சொல்ல 5ஆம் தேதி இரண்டு பஸ் மாறி வந்தேன். திரு. அழகேசன் கேட்டிலேயே, "இது ஐஸ் கட்டி இல்லலா பாட்டி, சயின்ஸ். வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டும் ஒரே அம்மோனியாதான், ஐயா. ஆனாலும் அவர் சிலிண்டரை உள்ளே தள்ளியது நல்ல காரியம். வெயிலில் வைப்பது ஆபத்து என்பதையும் நான் மறைக்கவில்லை.

விசாரணைக்கு முன் ஒரே ஒரு நாள் அதைப் பழைய இடத்தில் நிறுத்தி, காலை எட்டுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் தாங்களே முள்ளைப் பார்க்க வேண்டுகிறேன். முள் ஏறாவிட்டால், பொய் எழுதினேன் என்று கையெழுத்திட அவளை நானே அழைத்து வருகிறேன்.

அன்று மழை பெய்தால் மட்டும் தயவுசெய்து மறுநாளைக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
இ. நவமணி

இடம்: தஞ்சோங் டாவாய்
நாள்: 9.3.1984